செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு கொடுக்கும் கானா மீனவர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டைக் கோகோ விளையும் பூமி என்று அறிந்தவர்கள் உண்டு. தங்கம் கிடைக்கும் பூமி என்று அறிந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த நாட்டுச் சந்தை எதற்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கைத் தொடுவது புகையூட்டிய மீனின் வாசனைதான். கடலை விட்டு வெகு தூரம் உள்ளே தள்ளியிருக்கும் குமாசி நகரத்துச் சந்தையிலும், அதற்கும் வடக்கே உள்ள டெச்சிமான் சந்தையிலும் பழுப்பும் கறுப்புமான மீன்கள் கூடை கூடையாகக் குவிந்திருக்கும். மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் விவசாயிகள், அவற்றை விற்ற காசில் ஒரு பகுதியைக் கொடுத்து இந்த மீனை வாங்கிப் போவார்கள். மரவள்ளி மாவுக் களிக்கும், புளிக்க வைத்த சோள மாவில் செய்யும் கென்கே உருண்டைக்கும் இதுதான் தொடுகறி, இதுதான் சத்து.

இந்த மீனுக்குப் பின்னால் சுமார் 550 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடற்கரையும், அதில் ஏறக்குறைய 300 தோணித் துறைகளும் இருக்கின்றன. 2016-ம் ஆண்டில் எடுத்த கணக்குப்படி 11,500-க்கும் மேற்பட்ட தோணிகளும், அவற்றில் தொழில் செய்யும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்களும் இருந்தார்கள். மேற்கே ஃபான்டி மக்கள், தலைநகர் ஆக்ராவைச் சுற்றிக் கா மக்கள், கிழக்கே எவே மக்கள் என்று இனமும் மொழியும் மாறினாலும் தொழில் ஒன்றுதான்.

காட்டில் பிறக்கும் தோணி

கானா மீனவரின் தோணி பலகை சேர்த்துக் கட்டியது அல்ல. ஒரே மரத்தைக் குடைந்து செய்வது. வாவா என்ற மரத்தின் அடிமரம் இதற்கு ஏற்றது. நெட்டையாக வளரும், கனம் குறைவு, செதுக்க இசைவாக இருக்கும். இந்த மரம் கடற்கரையில் இல்லை. உள்நாட்டுக் காடுகளில்தான் இருக்கிறது. எனவே தோணி காட்டிலேயே பாதி பிறந்துவிடுகிறது. மரத்தை வெட்டும் முன் அதற்கு மது வார்த்து வேண்டிக் கொள்வது வழக்கம். வெட்டி, குடைந்து, கனத்தைக் குறைத்துக் கடற்கரைக்கு இழுத்து வருவார்கள். கரையில் இருக்கும் தச்சர்கள் பக்கப் பலகை வைத்து உயர்த்தி முடிப்பார்கள். பெரிய தோணி 15 மீட்டருக்கும் மேல் நீளம் இருக்கும். இருபது ஆட்கள் வரை ஏறலாம்.

தோணி தயாரானதும் அதன் இரு பக்கமும் வண்ணம் தீட்டி, பழமொழியோ வேதாகம வாசகமோ எழுதி, கொடி கட்டுவார்கள். பொறாமைக்காரனுக்குப் பதில் சொல்லும் வாசகங்களும் உண்டு. கரையில் நின்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் ஊர் வம்பு முழுதும் தெரிந்துவிடும்.

இன்று பெரிய வாவா மரங்கள் அருகிவிட்டன. தோணியின் விலை ஏறிவிட்டது. காட்டை நம்பித்தான் கடல் தொழில் என்பதைக் கானாக்காரர்கள் மரம் குறைந்த பிறகே கணக்குப் பார்த்தார்கள்.

கடலுக்கும் உண்டு அடியுரம்

எல்லா மாதமும் மீன் கிடைப்பதில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பெரிய போகம். டிசம்பருக்குப் பிறகு சில வாரங்கள் ஒரு சின்னப் போகம். இதற்குக் காரணம் கடலின் அடியில் இருக்கிறது. அந்த மாதங்களில் மேலே உள்ள வெதுவெதுப்பான தண்ணீர் விலகி, ஆழத்தில் உள்ள குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. கடலடியில் மட்கிச் சேர்ந்த சத்துக்கள் எல்லாம் அதோடு மேலே வந்து வெயில் படும் இடத்தில் பரவுகின்றன. கண்ணுக்குத் தெரியாத பாசி கொழிக்கிறது. அதைத் தின்ன நுண்ணுயிர்கள், அவற்றைத் தின்னச் சாளை இன மீன்களும் நெத்திலியும் கூட்டம் கூட்டமாகக் கரைப் பக்கம் வருகின்றன. ஆழ உழுது அடிமண்ணை மேலே கொண்டு வருவது போன்ற வேலையை இங்கே கடலே செய்து கொள்கிறது.

ஆகவே ஆண்டில் மூன்று நான்கு மாத வரும்படியை வைத்துப் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டும். மானாவாரி விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கானாவின் கடற்கரைப் பழக்கங்களில் பாதி இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவைதான்.

செவ்வாய்க்கிழமை

அவற்றில் முதலாவது செவ்வாய்க்கிழமை. ஃபான்டி, கா கரைகளில் செவ்வாயன்று யாரும் கடலில் வலை இறக்குவதில்லை. மேற்கே சில ஊர்களில் வேறு கிழமை; ஆனால் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது எங்கும் உண்டு. அன்று கடல் தெய்வத்தின் நாள் என்பது நம்பிக்கை. கா மக்கள் அந்தத் தெய்வத்தை நாய் என்ற பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் கேட்க வேறு மாதிரி இருந்தாலும், அவர்கள் மொழியில் அது கடலின் பெயர்.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1602-ம் ஆண்டில் அச்சான தமது நூலில் பீட்டர் டி மாரேஸ் என்ற டச்சு வணிகர், இந்தக் கரை மக்கள் செவ்வாயன்று மீன் பிடிக்கப் போவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அதாவது 400 ஆண்டுகளுக்கு மேலாக, கோட்டை கட்டிய போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் வந்து போன பிறகும், ஊரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் ஆகி ஞாயிறன்று தேவாலயம் போகத் தொடங்கிய பிறகும், செவ்வாய் ஓய்வு நிற்கிறது.

மீறினால் சும்மா விடுவதில்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு மீனவத் தலைவர் உண்டு. ஃபான்டி மொழியில் அவருக்கு அபோஃபோஹெனே என்று பெயர். கட்டுப்பாட்டை மீறியவரைக் கூப்பிட்டு விசாரித்து அபராதம் போடுவார். பணம், மது, பழைய நாளில் ஆடு. வலை சிக்கிக் கொண்டது, தோணி மோதியது, கடனைத் தரவில்லை என்கிற வழக்குகள் எல்லாம் அவரிடம்தான் போகும். அவற்றைத் தீர்க்கவும் செவ்வாய்தான் வசதி; அன்று எல்லாரும் கரையில் இருப்பார்கள். கிழிந்த வலையைக் கோப்பது, இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது, சாவு வீட்டுக்குப் போய் வருவது எல்லாம் அன்றைக்கே. செவ்வாயன்று பிறந்த ஆண் பிள்ளைக்கு ஃபான்டி வீடுகளில் கொபினா என்றும், பெண் பிள்ளைக்கு அராபா என்றும் பெயர். ஒவ்வொரு கிழமைக்கும் இப்படிப் பெயர் உண்டு.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. நிலத்துக்கும் அங்கே ஓய்வு நாள் உண்டு. பூமித் தாயை ஃபான்டி மக்கள் அசாசே எஃபுவா என்பார்கள். எஃபுவா என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவள். வெள்ளியன்று மண்ணைக் கொத்துவதில்லை. உள்நாட்டு அசாந்தி மக்களுக்குப் பூமித் தாயின் நாள் வியாழன். கடலுக்கு ஒரு கிழமை, மண்ணுக்கு ஒரு கிழமை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எல்மினா ஊரில் இதை ஒரு திருவிழாவாகவே நடத்துகிறார்கள். ஊரை ஒட்டிய பென்யா காயலில் சில வாரங்கள் மீன் பிடிக்கத் தடை. ஜூலை மாதம் முதல் செவ்வாயன்று ஊர்த் தலைவரும் பூசாரிகளும் ஊர்வலமாக வந்து, பிசைந்த வள்ளிக்கிழங்கும் முட்டையும் பனையெண்ணெயும் காயலுக்குப் படைப்பார்கள். பிறகு பூசாரி மூன்று முறை வலை வீசுவார். அதில் விழும் மீனைப் பார்த்து அந்தப் போகம் எப்படி இருக்கும் என்று ஊர் ஊகிக்கும். பகாடுவே என்ற இந்த விழாவோடு தடை நீங்கும். பெரிய போகமும் தொடங்கும்.

பிடிப்பது ஆண், விற்பது பெண்

தோணி கரை தட்டியதும் ஆண்களின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மீன் பெண்கள் கைக்குப் போய்விடும். அவர்களுக்கும் ஒரு தலைவி உண்டு. கொங்கோஹெமா என்று பெயர். முதலில் வரும் தோணியின் மீனுக்கு அவர் தோணிக்காரரோடு பேரம் பேசி ஒரு விலை வைப்பார். அன்றைய மற்றப் பேரங்கள் எல்லாம் அதை ஒட்டித்தான் நடக்கும்.

பெண்கள் வெறும் வியாபாரிகள் அல்லர். பல தோணிகளுக்கு முதலே அவர்கள் போட்டதுதான். வலை வாங்க, வெளியிஞ்சின் வாங்க, எரிபொருளுக்கு என்று மீன் வியாபாரப் பெண் முன்பணம் கொடுப்பார். அதற்கு ஈடாக அந்தத் தோணியின் மீன் அவருக்கே வர வேண்டும். வங்கி எட்டிப் பார்க்காத கரையில் இதுதான் வங்கி. இதில் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், மீனின் விலையில். மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை.

மீன் விற்ற பணத்தில் முதலில் எரிபொருள், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தைப் பல ஊர்களில் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஒரு பாதி தோணி, வலை, இஞ்சின் ஆகியவற்றின் உடைமைக்காரருக்கு. மறு பாதி கடலுக்குப் போனவர்களுக்கு. இது தவிர ஒவ்வொரு ஆளும் வீட்டுக்குக் குழம்பு மீன் கொண்டு போகலாம். கூலி என்று ஒன்று இல்லை, எல்லாம் வாரம்தான். மீன் இல்லாத நாளில் எல்லாருக்கும் வெறுங்கை.

சோர்க்கோர் அடுப்பு

போகத்தின்போது ஒரே காலையில் நூறு தோணி சாளை வந்து இறங்கினால் என்ன செய்வது? ஐஸ் கிடையாது, குளிர்பதனக் கிடங்கு கிடையாது, வெயில் ஏறினால் மதியத்துக்குள் மீன் கெட்டுவிடும். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கத் தக்காளி பழுத்த கதைதான். இதற்குக் கானாப் பெண்கள் கண்ட வழி, புகை.

பழைய அடுப்பு வட்டமானது. களிமண்ணில் கட்டியது, அல்லது தகர டிரம்மை வெட்டியது. அதன்மேல் கம்பி, கம்பியின்மேல் மீன், மீன்மேல் குச்சிகள், மறுபடி மீன் என்று அடுக்குவார்கள். அடியில் உள்ள மீன் கருகும், மேலே உள்ளது வேகாது. அதனால் புகையிலும் சூட்டிலும் நின்று, கையாலேயே ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். விரல் வெந்துபோகும், கண் எரியும், விறகு ஏராளமாகச் செலவாகும்.

ஆக்ராவின் மேற்கு ஓரத்தில் உள்ள மீனவக் குப்பம் சோர்க்கோர். 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனமும் கானாவின் உணவு ஆராய்ச்சி நிலையமும் அங்குள்ள பெண்களோடு சேர்ந்து ஒரு புதிய அடுப்பை உருவாக்கின. ஊரின் பெயரே அடுப்புக்கும் வந்துவிட்டது. அமைப்பு இதுதான். அகலத்தைப் போல் இருமடங்கு நீளத்தில், மண்ணாலோ செங்கல்லாலோ நீள் சதுரமாகச் சுவர் எழுப்புவார்கள். நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறை ஆக்குவார்கள். ஒவ்வொரு அறைக்கும் முன்பக்கம் ஒரு விறகு வாய். அறைக்குள் தரையில் சிறு பள்ளம். தீ அதில்தான் எரியும்.

சூட்சுமம் அடுப்பில் இல்லை, தட்டில் இருக்கிறது. மரச் சட்டத்தில் கம்பி வலை அடித்த தட்டுகள், அடுப்புச் சுவரின் அளவுக்கே செய்தவை. ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து தட்டு வரை அடுக்கலாம். சட்டமும் சட்டமும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்பதால் தட்டுகளே புகைபோக்கிக் குழாய் போல் ஆகிவிடுகின்றன. சூடும் புகையும் பக்கத்தில் கசியாமல் கீழிருந்து மேல் வரை எல்லா மீனுக்கும் போய்ச் சேரும். உச்சியில் ஒரு பலகையை மூடி வைத்தால் போதும். மீனைப் புரட்ட வேண்டாம். கீழ்த் தட்டை எடுத்து மேலே வைத்து, மேல் தட்டைக் கீழே இறக்கினால் முடிந்தது. சட்டம் சுவரின் நடுவில் உட்காருவதால் தீயும் அதைத் தொடாது. முன்பைவிடக் குறைந்த விறகில், ஒரே ஈட்டில் பல மடங்கு மீனைப் பக்குவப்படுத்தலாம்.

புகையூட்டுவதிலும் இரண்டு வகை. ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் புகையூட்டினால் மீன் ஈரப்பதத்தோடு மெதுவாக இருக்கும். ஆனால் மூன்று நாளுக்கு மேல் தாங்காது. உள்ளூரில் உடனே விற்க அது சரி. 10 முதல் 18 மணி நேரம் வரை நிதானமாக உலர்த்தினால் குச்சி போல் இறுகிவிடும். ஆறு முதல் ஒன்பது மாதம் வரை வைக்கலாம். பெண்கள் அந்த மீனைத் தட்டோடு அடுக்கி, பழுப்புக் காகிதம் போட்டு மூடி, பூச்சி விழாமல் இடையிடையே லேசாகச் சூடு காட்டி வைப்பார்கள். ஆகஸ்டில் யாரும் சீந்தாத சாளை, மீன் வரத்து நின்ற மாதத்தில் கூடைக்கு நல்ல விலை போகும். காத்திருக்க வசதி வந்ததும் பேரத்தில் குரலும் வந்துவிட்டது.

விலை உயர்ந்த எந்திரம் எதுவும் இதில் இல்லை. ஊர்க் கொத்தனும் தச்சனும் செய்து கொடுத்துவிடலாம். அதனால்தான் டோகோ, பெனின், கினி என்று மேற்கு ஆப்பிரிக்கா எங்கும் இந்த அடுப்பு பரவியது. விறகு மட்டும் இன்னும் பிரச்னைதான். அலையாத்தி மரமும் எரிகிறது. வேப்ப மரமும் எரிகிறது. அந்த வேம்பு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பகுதியிலிருந்து போய் அங்கே வேர் பிடித்தது. மீனின் எண்ணெய் தீயில் சொட்டி எழும் புகையில் உடலுக்குக் கேடான பொருள்கள் உண்டு என்று பின்னர் தெரிய வந்ததால், எண்ணெயைத் தனியே பிடிக்கும் தட்டு வைத்த அஹோட்டோர் என்ற அடுப்பு 2010-களில் வந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சௌகரியம் என்று பொருள்.

அடுப்பு உண்டு, மீன் எங்கே?

அடுப்பு நல்லதாகிய காலத்தில் மீன் குறையத் தொடங்கியதுதான் சோகம். 1990-களின் தொடக்கத்தில் கானாவில் ஆண்டுக்கு 1 லட்சம் டன்னுக்கு மேல் சாளை கிடைத்தது. 2010-களின் இறுதியில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சோர்க்கோரில் இன்று பல அடுப்புகளில் வேகும் மீன் எதிரே உள்ள கடலில் பிடித்தது அல்ல. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து, குளிர்பதனக் கிடங்கிலிருந்து அட்டைப் பெட்டியில் வாங்கியது.

இதில் மீனவர்களின் பங்கும் உண்டு. தோணிகள் பெருகின. வலைக் கண் சிறுத்தது. சட்டம் தடுத்தும் இரவில் பலமான விளக்குப் போட்டு மீனைக் கூட்டி, குஞ்சோடு வாரினார்கள். ஆனால் பெரிய குற்றவாளி இழுவைக் கப்பல். கானாக் கொடி கட்டியிருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவற்றின் முதல் சீனாவைச் சேர்ந்தது. அடிமட்ட மீன் பிடிக்க உரிமம் வாங்கிய அந்தக் கப்பல்கள், தோணிக்காரரின் சாளையையும் அள்ளின.

அந்த மீன் கரைக்கு வந்த வழி விசித்திரமானது. முன்பெல்லாம் தோணிக்காரர்கள் காய்கறி, பழம், ஆடு ஆகியவற்றைக் கடலில் கொண்டு போய்க் கப்பல்காரருக்குக் கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மீனைப் பண்டமாற்றாக வாங்கி வருவார்கள். சைகோ என்று இதற்குப் பெயர். நாளடைவில் இது பெரும் வியாபாரம் ஆயிற்று. கப்பலிலேயே உறைய வைத்த குட்டிச் சாளைக் கட்டிகள், இதற்கென்றே கட்டிய தோணிகளில் நடுக்கடலில் கைமாறின. 2017-ல் மட்டும் இப்படிச் சுமார் 1 லட்சம் டன் மீன் கரைக்கு வந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. தன் வலையில் விழ வேண்டிய மீனையே மீனவப் பெண் காசு கொடுத்துக் கட்டியாக வாங்கிப் புகையூட்டினாள்.

அரசு ஒரு மாத மீன்பிடித் தடையைக் கொண்டு வந்தது. 2018-ல் ஆகஸ்ட் மாதத்துக்கு என்று அறிவித்தபோது கரை முழுதும் எதிர்ப்புக் கிளம்பியது. அறுப்பு மாதத்தில் அரிவாளைக் கீழே போடு என்றால் யார் கேட்பார்கள்? அந்த ஆண்டு தடை கைவிடப்பட்டது. 2019-ல் மே 15 முதல் ஜூன் 15 வரை தோணிகளுக்கு முதல் தடை நடந்தது. 2021 முதல் ஜூலை மாதத் தடை ஆயிற்று. கடலுக்கு ஓய்வு வேண்டாம் என்று மீனவர்கள் சொல்லவில்லை. 400 ஆண்டுகளாகச் செவ்வாய் ஓய்வைக் காப்பவர்கள் அப்படிச் சொல்வார்களா? தோணிக்கு ஒரு நீதி, கப்பலுக்கு ஒரு நீதியா என்பதுதான் அவர்கள் கேள்வி. தடை மாதத்தில் பெண்களின் அடுப்பும் அணையும், முன்பணம் மட்டும் வளரும். கொஞ்சம் நிலம் உள்ள குடும்பங்கள் மரவள்ளியைத் துருவி வறுத்து காரி செய்து விற்றுச் சமாளித்தன. நிலம் இல்லாதவர்கள் கடன் வாங்கினார்கள்.

2025-ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. தோணிகளுக்கென்று ஒதுக்கிய கரைக்கடல், 6 கடல் மைலிலிருந்து 12 கடல் மைலாக, அதாவது சுமார் 22 கிலோமீட்டராக, புதிய சட்டத்தின் மூலம் விரிந்தது. அதற்குள் இழுவைக் கப்பல் வரக் கூடாது. காவல் எப்படி நடக்கும் என்பதைப் பொறுத்துத்தான் இதன் பலன் இருக்கும். 6 மைல் எல்லை இருந்தபோதே கப்பல்கள் இரவில் உள்ளே வந்து வலைகளை அறுத்துப் போனதாகத் தோணிக்காரர்கள் வழக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். இரண்டாவது, அந்த ஆண்டு ஜூலைத் தடையிலிருந்து தோணிகளுக்கு விலக்கு கிடைத்தது. கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன. தோணிகள் ஜூலை முழுவதும் கடலுக்குப் போகலாம் என்று ஆயிற்று.

செவ்வாய்க்கிழமைகளில் அவை வழக்கம்போல் மணலில் கிடந்தன. வலை கோத்துக்கொண்டிருந்தார்கள்.